மேல்காவல்

குகைக்குள் போய்விட்டுத் திரும்பி வந்த மூன்று பேரில் ஒருவர்கூட டீ கேட்கவில்லை.

இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்பவர்கள், யார்க்‌ஷயர் மலைப்பக்கம் ஒரு கல்லூரிக் குகைக் கிளப்போடு ஒரு சனிக்கிழமைகூடக் கழித்திராதவர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கு எலும்பு முறிந்தால் முதலில் டீ, பிறகுதான் கட்டு. குகையிலிருந்து வருகிறவர்கள் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, கெட்டிலை வைத்தாயிற்றா என்று கத்துவார்கள். பிறகு கயிற்றுப் பையைத் தூக்காமல் ஏமாற்றியது யார் என்று சண்டை. அடுப்புக்குப் பக்கத்திலுள்ள கிழிந்த சோபாவுக்கு அடிதடி. அதன் பிறகு புளுகு. உள்ளே கணுக்கால் நனைகிற தண்ணீர்தான் இருந்திருக்கும். முதல் கோப்பையில் அது இடுப்பளவாகும், இரண்டாவது கோப்பை முடிவதற்குள் தலைக்கு மேல் போய்விடும். யாரும் யாரையும் நம்பமாட்டார்கள், எல்லாரும் எல்லாருக்கும் தலையாட்டுவார்கள். கிளப் என்பதே அதுதான். குகை அதற்கு ஒரு சாக்கு.

அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு மூன்று பேர் வந்தார்கள். வரிசையாக வந்தார்கள். சுவரோரத்து நீள பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான்.

மெரியல் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. அவள் ஒரு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் சுவரில் மாட்டியிருந்த போனில் எண்களை அழுத்திக்கொண்டிருந்தாள். மீட்புக் குழுவை வரச்சொல்லிக் கூப்பிட்டு அரைமணிகூட ஆகியிருக்காது. இப்போது வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன.

அவள் குகைக்குள் போகாமல் மேலே இருந்ததற்குக் காரணம் ஒரு மேசை. வெள்ளிக்கிழமை இரவு மலையடியிலுள்ள கிளப் குடிலுக்கு வந்து சேர்ந்ததும் பப்புக்குப் போவது, பப்பிலிருந்து வந்ததும் மேசையைச் சுற்றுவது, இது அந்தக் கிளப்பின் வழக்கம். சமையலறை மேசைமேல் குப்புறப் படுத்து, தரையில் கையோ காலோ படாமல், பலகைக்கு அடியில் பல்லிபோலத் தொற்றிப் போய், மறுபக்கமாக மேலே ஏறி வர வேண்டும். தெளிவாக இருக்கும்போது அதை முடித்தவர்கள் யாருமில்லை. குடித்த பிறகு முடிக்காதவர்கள் யாருமில்லை. மெரியல் மறுபக்க விளிம்பைப் பிடித்துவிட்ட நேரத்தில், கூட வந்திருந்த ஜெத்ரோ அவள் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினான். விழுந்ததில் கணுக்கால் பிசகிவிட்டது. காலையில் அது பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது.

"ஏய் நொண்டி, இன்னிக்கு நீதான் மேல்காவல்," என்றான் ஃபெர்கஸ். கிளப்பின் தலைவன் அவன். சிவந்த தாடி, மணியடித்த மாதிரி குரல்.

இறங்குகிற கோஷ்டி எப்போது வெளியே வரும் என்று தெரிந்துகொண்டு மேலே ஒருவர் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர்தான் மேல்காவல். சொன்ன நேரம் தாண்டினால் அவர் போன் செய்வார். அவர் போன் செய்தால் சுற்றுவட்டாரத்து ஆடு மேய்ப்பவர்களும் கொத்தனார்களும் பள்ளி வாத்தியார்களும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கயிறும் ஸ்ட்ரெச்சருமாகக் கிளம்பி வருவார்கள். அவர் போன் செய்யாவிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

ஈரமான நவம்பர் மாதம், பரீட்சை நேரம். கிளப்பில் நாற்பது பேர் இருந்தும் வந்தது நாலு பேர்தான். நாலு பேருக்குக் குறைந்து குகையில் இறங்கக்கூடாது என்று குடிலின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் மூன்று பேராக இறங்கியதற்கு அதே சுவரில் போட்டோ இருக்கிறது. மெரியல் போகாவிட்டால் ஃபெர்கஸோடும் ஜெத்ரோவோடும் அவள் இடத்துக்கு வின்னி. வின்னி அவளுடைய விடுதி அறைத்தோழி. பாட்டுக்காகவும் வம்புக்காகவும் கிளப்புக்கு வருகிறவளே தவிர, குகைக்காக வருகிறவள் இல்லை. அன்றைக்கு அவளுடைய திட்டம் வெங்காயம் உரிப்பது.

"போடி. ஒரு தடவை பாத்துட்டு வா. அப்புறம் உன்னை வெளியே இழுக்கக் கயிறு போதாது," என்று மெரியல்தான் சொன்னாள். தன் உடுப்பை, தன் பெல்ட்டை, தன் ஹெல்மெட்டைத் தானே மாட்டிவிட்டாள். முழங்காலில் மஞ்சள் ஒட்டுப் போட்ட உடுப்பு வின்னிக்குத் தொளதொளவென்றிருந்தது.

"தண்ணி வந்துச்சுன்னா?" என்று கேட்டாள் வின்னி.

"நாம போற கிம்மர் குழியில தண்ணி வந்தா ரெண்டே ரெண்டு வேலை," என்றான் ஃபெர்கஸ். "நொண்டி ஆளைக் கூப்பிட்டிருப்பான்னு தெரிஞ்சா, பெரிய அறையில திட்டு மேல ஏறி ஒட்டிக்கிட்டு உக்காந்து பாடிக்கிட்டே இருக்கணும். யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சா, பக்கத்து வெடிப்புல ஏறி மேல்பொந்து வழியா ஊர்ந்து வெளியே வரணும். அந்தப் பொந்துல என் தொப்பை பாதிதான் போகும். அதனால நாம உக்காந்து பாடுவோம்."

"திட்டு முங்காதா?"

"சாதாரண மழைக்கு முங்காது."

மதியத்துக்கு மேல் வந்தது சாதாரண மழை இல்லை.

"மிஸ்டர் மெட்கால்ஃப், வந்துட்டாங்க! மூணு பேரும் வந்துட்டாங்க!" மெரியல் போனில் கத்தினாள்.

மெட்கால்ஃப் மீட்புக் குழுவின் பெரியவர். முந்நூறு ஆடுகள் வைத்திருப்பவர். காற்றும் மழையும் அவர் குரலைப் பிய்த்துக்கொண்டிருந்தன. "நல்லதாப் போச்சு கண்ணு. நாங்க இப்பதான் அவங்க கார் பக்கத்துல வண்டியை நிறுத்தி பூட்ஸ் மாட்டிக்கிட்டிருக்கோம். மாத்துத் துணி எல்லாம் சீட்டுல அப்படியே கிடக்கே, காரை விட்டுட்டு எப்படி வந்தாங்க?"

"நடந்து வந்துட்டாங்க போல."

"இந்த மழையிலயா? படிச்ச புள்ளைங்கடா!" பின்னால் சிலர் சிரித்தார்கள். "சரி, வழக்கம் தெரியுமில்ல? சும்மாக் கூப்பிட்டா குழுவுக்கு ஒரு பீப்பாய் பீர்."

"ரெண்டு பீப்பாய்," என்றாள் மெரியல். போனை வைத்துவிட்டு, நெற்றியைச் சுவரில் சாய்த்து நின்றாள்.

அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். மூன்று ஹெல்மெட் விளக்குகளும் நேராக அவள் கண்ணில் அடித்தன.

"டேய், கண்ணு போகுது. அணைங்கடா."

யாரும் அணைக்கவில்லை. குகைக்காரர்கள் பிறர் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்கள். விளக்கு எதிராளியின் கண்ணில் படாமல் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிக்கொள்வார்கள். முதல் நாளே கற்றுக்கொடுக்கிற மரியாதை அது. கொஞ்ச நாளில் அது உடம்பில் ஊறி, பப்பில் தலையில் விளக்கு இல்லாதபோதும் எல்லாரும் ஒருவர் தோளுக்கு அப்பால் பார்த்தே பேசிக்கொண்டிருப்பார்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள், பாவம், இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கழுத்து சுளுக்கிவிட்டதா என்று நினைப்பார்கள். இவர்கள் மூவரும் திரும்பவில்லை. அவள் அடுப்பு மேடைக்கு நொண்டிக்கொண்டு போனாள். மூன்று வெளிச்சங்களும் அவள் முகத்தோடு கூடவே வந்தன. வெளிச்சத்துக்குப் பின்னால் முகம் இருக்கும் இடத்தில் கருப்பாக ஏதோ இருந்தது.

களைப்பு என்று நினைத்தாள். தன்மேல் கோபம் என்றும் நினைத்தாள். ஏனென்றால் அவள் போன் செய்ய வேண்டிய நேரத்துக்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஜன்னலருகே தயங்கி நின்றிருந்தாள். சும்மா கூப்பிட்டால் வருஷம் முழுக்கக் கேலி செய்வார்களே என்ற தயக்கம்தான்.

"வின்னி, பயந்துட்டியா?"

"இல்லை," என்றாள் நடுவில் இருந்தவள். வின்னியின் குரல்தான்.

"எவ்வளவு தண்ணி?"

"நிறைய," என்றது ஃபெர்கஸின் குரல். அவ்வளவுதான் சொன்னது. எந்த அளவும் சொல்லவில்லை. எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஃபெர்கஸ் வாழ்நாளில் முதல்முறையாகப் புளுகாமல் பேசியது மெரியலின் முதுகுத்தண்டில் ஒரு விரலை வைத்த மாதிரி இருந்தது.

அறையில் இருக்க வேண்டிய நாற்றம் இல்லை. குகையிலிருந்து மூன்று பேர் வந்தால் அந்தச் சின்னக் குடிலுக்குள் சேறும் வியர்வையும் நனைந்த கம்பளி உள்ளுடுப்பும் கலந்து, ஒரு ஆட்டு மந்தையையே அடுப்பருகே காய வைத்தது மாதிரி ஒரு வாடை எழும்பும். கிளப்பின் பழைய ஆட்கள் பட்டம் வாங்கிப் பெரிய வேலைக்குப் போன பிறகும் அந்த வாடையை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். இப்போது அது இல்லை. அதற்குப் பதிலாக, இதுவரை எந்தக் காற்றும் படாத கல்லை இப்போதுதான் உடைத்தது போன்ற ஒரு வெறுமையான குளிர்ந்த மணம், தரையோடு தரையாக நகர்ந்து, மேசைக்கால்களைச் சுற்றி, அவளுடைய வீங்கிய கணுக்காலைத் தொட்டு, அடுப்புவரை போய் நின்றது. அடுப்பில் கட்டைகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. வெப்பம் மட்டும் வரவில்லை.

அவர்களிடமிருந்து தண்ணீர் சொட்டவில்லை. வழிந்தது. மூன்று பேரின் சட்டைக் கைகளிலிருந்தும் விரல் பருமனுக்கு ஒரே சீராக வழிந்து, பெஞ்சுக்கு அடியில் சேர்ந்து, கதவு இருக்கும் பக்கம் போகாமல், சரிவே இல்லாத தரையில் அவளை நோக்கி வந்தது. உடுப்பு எவ்வளவு தண்ணீர் குடித்திருந்தாலும் இந்நேரம் தீர்ந்திருக்க வேண்டும்.

கோப்பைகளை அவர்கள் முன்னால் வைத்தாள். யாரும் தொடவில்லை. ஃபெர்கஸின் கை பெஞ்சில் கிடந்தது. வெளுத்து, ஊறி, வரிவரியாகச் சுருங்கி. துணி துவைக்கிறவர்களின் கை அப்படி ஆகும், நாள் முழுக்கத் துவைத்தால்.

"நான்... இன்னும் கொஞ்சம் தண்ணி வைக்கிறேன்," என்றாள், யாரும் கேட்காதபோதே. அவர்களுக்கு முதுகைக் காட்டவும் பயம், முகத்தைக் காட்டவும் பயம். பக்கவாட்டில் நடந்து குழாயைத் திறந்தாள்.

குடிலுக்குக் குழாய்த் தண்ணீர் நகராட்சி கொடுப்பதல்ல. கிம்மர் குழியின் ஓடை மலைக்குள் ஓடி, குடிலுக்குப் பின்னால் பாறைக்கடியில் ஊற்றாக வெளியே வருகிறது. அதன் வாயில் யாரோ பழைய உறுப்பினர்கள் ஒரு இரும்புக் குழாயைச் செருகிவைத்தார்கள். தண்ணீரில் சிலசமயம் இறால் மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சி வரும். கிளப்பில் அதைச் சத்து என்பார்கள்.

குழாய் இருமியது. காப்பிக் கலரில் ஒரு வீச்சு வந்தது. நின்றது. உள்ளே காற்று இழுபட்டது.

பிறகு, மிக மெல்லிசாக, ஒரு விசில்.

மெரியலின் கை குழாயிலேயே நின்றுவிட்டது. காற்று ஒலிதான், என்றது அவள் மூளை. மறுபடி. மறுபடி. ஆறு முறை. நிறுத்தம். மறுபடி ஆறு. காற்றுக்கு எண்ணத் தெரியாது. குகையில் சிக்கியவர்கள் ஊதுகிற விசில் அது. ஹெல்மெட் வாரில் ஒவ்வொருவரும் கட்டியிருக்கிற ஆரஞ்சு விசில். இன்று காலை வின்னியின் தாடைக்குக் கீழே அவளே கட்டிவிட்டது.

மெதுவாகத் திரும்பினாள்.

மூன்று விளக்குகள். அவள் முகத்தில்.

நடுவில் இருந்தவளின் முழங்காலில் மஞ்சள் ஒட்டு இருந்தது. தையல்கூட அவள் போட்ட தையல்தான். மூன்று பேரும் ஒருவரையொருவர் ஒட்டி, தோளோடு தோளாக, முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலியான பெஞ்சில் இவ்வளவு நெருக்கி உட்கார யாருக்கும் அவசியமில்லை. திட்டில் உட்காருகிறவர்கள்தான் அப்படி உட்காருவார்கள்.

போன். சுவரோரமாகவே நகர்ந்து போனை எட்டிப் பிடித்தாள். மெட்கால்ஃபின் மொபைல் எண். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"என்ன கண்ணு, மூணாவது பீப்பாயா?"

"திரும்பப் போங்க. தயவுசெஞ்சு. கிம்மர்ல ஆள் இருக்காங்க."

"யாரு?"

"அவங்க மூணு பேரும்."

"வீட்டுக்கு வந்துட்டாங்கன்னியே?"

அவள் பெஞ்சைப் பார்த்தாள். "வந்திருக்காங்க," என்றாள். "உள்ளேயும் இருக்காங்க."

மறுமுனையில் ஒரு நல்ல மனிதர், இந்தப் பெண் எத்தனை கோப்பை ஏற்றியிருப்பாள் என்று கணக்குப் போட்டார்.

"அந்தத் தலைவர் பையன் இருக்கானா? அவன்கிட்ட குடு."

"வேண்டாம், அவன்கிட்ட..."

கையில் குளிர் பட்டது. ஃபெர்கஸ் எழுந்ததை அவள் பார்க்கவில்லை. நடந்ததைக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றான். அந்த ஊறிய விரல்கள் அவள் விரல்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், முரட்டுத்தனமும் இல்லாமல் பிரித்துப் போனை எடுத்துக்கொண்டன.

"மிஸ்டர் மெட்கால்ஃப், ஃபெர்கஸ் பேசறேன்." மணியடித்த குரல். கணீரென்று. ஆனால் அந்தச் சின்ன அறையில் அந்தக் குரல் எங்கோ தூரத்துச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. "மன்னிச்சுக்குங்க. மூணு பேரும் பத்திரமா இருக்கோம். அவளுக்குக் கால் வலி, அதுக்கு மாத்திரை போட்டிருக்கா, மேல பீரையும் ஊத்தியிருக்கா. ஆமாம். ஆமாம். தூங்க வைக்கிறோம். குட் நைட்."

"மெட்கால்ஃப்!" என்று அவள் அலறினாள். போன் கொக்கியில் உட்கார்ந்தது. அதன் பேசும் துளைகளிலிருந்து தண்ணீர் வழிந்தது. மறுபடி எடுத்துக் காதில் வைத்தாள். டயல் டோன் இல்லை. ஓடையின் இரைச்சல் மட்டும்.

கதவுக்கு ஓடினாள், ஓடுவதாக நினைத்து நொண்டினாள். யாரும் தடுக்கவில்லை. கதவு திறந்தது. வெளியே, சாலைக்குப் போகும் மரப்பாலம் இருந்த இடத்தில் இருட்டாக, அகலமாக, இரைந்துகொண்டு தண்ணீர். பாலத்தின் கைப்பிடிகூடத் தெரியவில்லை. அந்தப் பக்கத்துச் சாலையில் ஒரு வண்டி வெளிச்சம் வளைந்து போயிற்று. கத்தினாள். மழை அதை அங்கேயே அடித்துக் கரைத்தது.

குகைக்குள் இருப்பவர்களோடு பேச ஒரே வழிதான் இருந்தது. குழாய்.

திரும்பி வந்து, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, குழாயின் வாயில் காதை வைத்தாள். இரைச்சல். அதற்குள் இன்னொரு ஒலி. பற்கள் தந்தியடிக்கிற ஒலி.

"... திட்டுக்கு இன்னும் ஒரு முழம்தான் இருக்கு. வெடிப்புல ஏறிடலாமா?" ஜெத்ரோ.

"ஏறலாம். ஆனா அவ கூப்பிட்டிருந்தான்னா ஆள் வந்துகிட்டிருப்பாங்க. வர்றவங்க நம்மை இங்கதான் தேடுவாங்க." ஃபெர்கஸ். நிஜமான ஃபெர்கஸ். குரல் நடுங்கியது.

"மெரி கட்டாயம் கூப்பிட்டிருப்பா," என்றாள் வின்னி.

மெரியல் மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தாள். யாரும் வரவில்லை. ஏறுங்கள். இப்போதே ஏறுங்கள். இதைத்தான் சொல்ல வேண்டும். ஐந்தே வார்த்தை. வாயைக் குழாயில் வைத்து முழுப் பலத்தோடு கத்தினாள்.

அவள் குரல் பெஞ்சிலிருந்து வந்தது.

"வின்னி! நான்தான்! ஆள் வந்துகிட்டிருக்காங்க! அங்கேயே உக்காருங்க!"

அவளுடைய குரல். அவள் வின்னியைக் கூப்பிடும்போது இழுக்கிற இழுப்போடு. அவள் தொண்டையைத் தடவினாள். மறுபடி கத்தினாள். தொண்டை கிழிகிற வலி தெரிந்தது. சத்தம் தெரியவில்லை. பெஞ்சில் நடுவில் இருந்தது அன்பாகச் சொல்லிற்று: "பயப்படாதடி. நகராதீங்க."

குழாய்க்குள் ஒரு கத்தல். மூன்று பேரும் சேர்ந்து கத்திய சந்தோஷம்.

"கேட்டுச்சாடா! மெரி! எங்கேர்ந்துடி பேசறே?"

"சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!"

மெரியல் அடுப்பு மேலிருந்த இரும்புச் சட்டியை எடுத்தாள். குரல் இல்லாவிட்டால் கை இருக்கிறது. குழாயை அடித்தாள். வேண்டாம் என்று அடித்தாள். ஏறு என்று அடித்தாள். கை மரத்துப்போகும்வரை அடித்தாள். மலைக்குள் அந்த ஒலி போவது அவள் எலும்பில் தெரிந்தது.

நிறுத்தினாள். கேட்டாள்.

"சுத்தியல் சத்தம்!" என்றான் ஜெத்ரோ. அழுதுகொண்டே சிரித்தான். "கயித்துக்கு ஆணி அடிக்கறாங்கடா! வந்துட்டாங்க!"

சட்டி கையிலிருந்து விழுந்தது.

"சரி, எல்லாரும் ஒட்டி உக்காருங்க," என்றான் ஃபெர்கஸ். அவன் குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. "ரெண்டு விளக்கை அணைங்க. ஒண்ணு போதும். யாராவது பாடுங்க. ஏய் வின்னி, முங்கிப்போகுதேன்னு பாக்காத. இடுப்பளவுதான். பப்புல போய் நான் இதைத் தலைக்கு மேலன்னு சொல்லுவேன், நீ தலையாட்டணும்."

"ஆட்டறேன்," என்றாள் வின்னி.

பாட்டு வந்தது. குழாயின் வழியாக. மூன்று குரல். கிளப்பில் எல்லாரும் பாடுகிற, அச்சில் ஏற்ற முடியாத பாட்டு. பெஞ்சில் இருந்தவர்களும் பாடினார்கள். அதே சுருதி. ஒரு சொல் முன்னால்.

மெரியல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் அவளைச் சுற்றி வந்து நின்றது. எழ முடியவில்லை. காதைப் பொத்தினாள். பொத்தின கைக்குள்ளும் கேட்டது.

குழாயில் ஒரு குரல் குறைந்தது. ஜெத்ரோ. கொஞ்ச நேரம் இருமல். பிறகு இருமலும் இல்லை.

பெஞ்சில் மூன்றும் பாடின.

குழாயில் ஃபெர்கஸ், "இன்னும் மேல தள்ளு, என் தோள்ல ஏறு, ஏறுடி," என்றான். தண்ணீர் எதையோ விழுங்குகிற சத்தம்.

பெஞ்சில் இரண்டு விளக்குகள் அணைந்தன.

ஒரு விளக்கு மிஞ்சியது. ஓரத்தில் இருந்தவனின் விளக்கு. முதன்முறையாக அது அவள் கண்ணைவிட்டுப் பக்கவாட்டில் திரும்பியது. மரியாதையாக. நடுவில் இருந்தவளின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது.

வின்னிதான். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. ஹெல்மெட்டுக்குக் கீழிருந்து அவளுடைய நீளமான முடி, காற்றில்லாத அந்த அறையில், மெதுவாக மேலே எழுந்து, விரிந்து, இப்படியும் அப்படியும் அசைந்தது.

"மெரி," என்றது குழாய். தனியாக. மிக அருகில். "இன்னும் எவ்வளவு நேரம்?"

பெஞ்சில் இருந்த வின்னி மெரியலைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"இதோ, வந்துட்டாங்கடி," என்றாள் மெரியலின் குரலில். அந்த வார்த்தைகளோடு அவள் வாயிலிருந்து ஒரு குமிழி வெளியே வந்தது. உடையாமல், ஆடிக்கொண்டே, உத்தரத்தை நோக்கி மெல்ல ஏறிற்று. அதன் பின்னால் இன்னொன்று.